பழைய ஜிப்ஸிக்குப் பின் பம்பர்: கம்பெனியுடையதா, ரெடிமேடா, பைப்பா, தகடா?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓடும் மாருதி ஜிப்ஸி ஒன்று போன மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கதவைத் திறந்தால் அந்தக் கனத்தில் ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. மூடும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். கீல் ஓரத்தில் தகட்டில் மெல்லிய விரிசல். கம்பெனி பம்பரின் இடது மூலை ஏதோ பாறையில் இடித்து உள்ளே மடங்கியிருந்தது. வண்டிக்காரர் கேட்டார்: "இதைக் கழற்றிப் போட்டுட்டு கெட்டியா ஒண்ணு பண்ணிடலாம்னு இருக்கேங்க. பைப்புல பண்றதா, பிளேட்டுலயா, ரெடிமேடா வாங்கிடறதா?"

ஜிப்ஸி வைத்திருக்கும் பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். முதன்முதலில் 1985-ல் சந்தைக்கு வந்த மாடல் இது. பின்னாளில் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த ஜிப்ஸி கிங்கையும் சேர்த்து 2019 வாக்கில் விற்பனை நின்றுவிட்டது. ஆகவே இன்று மலைப்பாதையில் ஓடும் ஜிப்ஸிகளில் பெரும்பாலானவை வயதானவை. வயதான வண்டிக்குப் புது பம்பர் மாட்டுவதும், புது வண்டிக்கு மாட்டுவதும் ஒன்றல்ல. என்னுடைய கிங்குக்கு இதுவரை மூன்று முறை பின் பம்பர் மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. மகிந்திராவின் பழைய ஜீப்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது

சேஸியின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், கடைசி ஒரு அடி. கோவை கணபதியில் ஒரு பட்டறை மேஸ்திரியிடம் முதன்முறை பம்பர் செய்யப் போனபோது, அவர் பம்பரைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சேஸியின் பின்முனையைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் அமுங்கிப்போனது. அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார். துருப்பொடி உதிர்ந்து அவர் நெற்றியில் விழுந்தது. "பம்பரை எவ்ளோ கெட்டியா வேணும்னாலும் பண்ணிக் குடுக்கறனுங்க தம்பி. மாட்டற எடம் கெட்டியா இருக்கணுமில்லீங்களா?" என்றார்.

ஜிப்ஸியின் சேஸி, நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் போன்றது. முறுக்குத் தாங்கும், உறுதியானது. ஆனால் உள்ளே போன சேறு வெளியே வர வழியில்லாமல் பின்முனையில் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு பாதியாகியிருக்கும். அதனால் எந்த பம்பரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் முதல் செலவு தண்ணீர் பீச்சி அடியைக் கழுவி, சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான். அங்கே ஓட்டை இருந்தால் பம்பருக்கு வைத்த பணத்தை அங்கே போடுங்கள்.

எடை. ஜிப்ஸியின் எடையே ஏறக்குறைய ஆயிரம் கிலோதான். அது மலையில் ஆடு போல ஏறுவதற்கு இதுதான் காரணம். பம்பர் இருப்பதோ பின் அச்சுக்கும் பின்னால். அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் போல வேலை செய்யும். இரண்டு அச்சுக்கும் நடுவே 2,375 மி.மீ. பின் அச்சிலிருந்து 85 செ.மீ தள்ளி 40 கிலோவைத் தொங்கவிட்டால் பின் சக்கரங்களில் ஏறும் பாரம் 40 கிலோ அல்ல, 54 கிலோ. மிச்சமுள்ள 14 கிலோ முன் சக்கரங்களிலிருந்து குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகி, திருப்பினால் திரும்பாமல் நேரே போவதற்கு இது ஒரு காரணம். இரவில் எதிரே வருபவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் அடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பின் கோணம். டிபார்ச்சர் ஆங்கிள் என்பதைத்தான் சொல்கிறேன். ஓடையை விட்டு மேலேறும்போது பின்பக்கம் தரையில் தட்டாமல் இருக்க வேண்டிய சரிவு. ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு முனை, வண்டியின் பின்பக்கத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் மறுமுனை. நூல் தரையோடு செய்யும் கோணம்தான் அது. தாழ்ந்த இடம் டயருக்கு 70 செ.மீ பின்னால், தரையிலிருந்து 45 செ.மீ உயரத்தில் இருந்தால் கோணம் ஏறக்குறைய 33 டிகிரி. புது பம்பர் வெறும் 8 செ.மீ கீழே இறங்கினால் 28 டிகிரி ஆகிவிடும். அந்த ஐந்து டிகிரிக்காகத்தான் பலர் ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்துகிறார்கள். உயர்த்திய காசை பம்பர் தின்றுவிடக் கூடாது.

இழுவை. சேற்றில் மாட்டினால் பின்னால் கயிறு கட்டி இழுக்க முடியுமா? சக்கரம் பாதி புதைந்தால் வண்டியின் எடையளவுக்கும், பாடி வரை புதைந்தால் அதன் இரண்டு மூன்று மடங்கும் இழுவிசை வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஆக ஜிப்ஸிக்கு மூன்று டன்னைத் தாங்கும் கொக்கி வேண்டும்.

பின்னால் வருகிறவர். நம் சாலையில் உங்கள் பின் பம்பருக்கு மிக அருகில் இருப்பது இன்னொரு காரின் பம்பர் அல்ல, ஒரு பைக்காரரின் முழங்கால். பாடி அகலத்துக்கு வெளியே நீளும் எதுவும், கூர்மையாக விட்ட எந்த மூலையும் அவர் மேல்தான் படும். இதை நான் மற்ற அளவுகோல்களுக்குக் கீழே வைக்க மாட்டேன்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. முன்பக்கக் கம்பிகளை மனதில் வைத்து எழுந்த பேச்சுதான் என்றாலும், பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரும்பைப் பார்த்து ஆய்வாளர் சும்மா போவார் என்று நினைக்க வேண்டாம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பழைய ஜிப்ஸிக்காரருக்கு இந்த நாள் கட்டாயம் வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் கிளெய்ம் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். செய்வதற்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

## முதல் வழி: கம்பெனி பம்பரையே வைத்துக்கொள்வது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அது தவறு. கம்பெனி பம்பர் மெல்லியது, லேசானது. அடி பட்டால் அது மடங்கும், சேஸி பிழைக்கும். அதன் வேலையே அதுதான். மடங்கியதை டிங்கரிங்கில் நிமிர்த்தலாம். முடியாவிட்டால் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழையது தேடலாம். சட்டச் சிக்கல் இல்லை, பின் கோணம் கெடாது.

குறை இரண்டு. அதில் கயிறு கட்டி இழுக்க முடியாது. ஜாக் வைத்துத் தூக்கவும் முடியாது. முதல் குறைக்குத் தனியாகவே மருந்து இருக்கிறது: பம்பரைத் தொடாமல் சேஸியின் பின்முனையில் நேராக போல்ட் போட்ட ஒரு இழுக்கும் கொக்கி. எட்டு அல்லது பத்து மி.மீ தகட்டில் பிராக்கெட், 12 மி.மீ, 8.8 கிரேடு (தலையில் 8.8 என்று பொறித்த வலுவான) போல்ட் குறைந்தது நாலு. அப்படி ஒரு போல்ட் வெட்டுப்பட ஏறக்குறைய நாலு டன் விசை வேண்டும், ஆகவே நாலு போல்ட் தாராளம். எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்குள் முடிந்துவிடும்.

பெரிய டயர் போடாதவர்கள், வருடத்தில் நாலைந்து முறை மட்டும் காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள், பதிவு புதுப்பிக்கும் நாள் நெருங்கியவர்கள் இதோடு நின்றுவிடலாம். இந்த மூன்று வகையில் நீங்கள் இருந்தால் மிச்சத்தைப் படிக்கும் அவசியமே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

## இரண்டாம் வழி: ரெடிமேட் பம்பர்

பெட்டியில் வரும், துளைகள் ஏற்கெனவே போட்டிருக்கும், பவுடர் கோட்டிங் பூசியிருக்கும், ஒரு பிற்பகலில் மாட்டிவிடலாம் என்பார்கள். புது வண்டிக்கு அது உண்மை. இருபது வருடம் ஓடிய ஜிப்ஸிக்கு அப்படி இல்லை. சேஸி எங்கோ ஒருமுறை லேசாக முறுக்கியிருக்கும். முந்தைய உரிமையாளர் ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்து வைத்திருப்பார். துளைகள் அஞ்சு மி.மீ தள்ளி நிற்கும். கடைசியில் கிரைண்டரை எடுத்துத் துளையை நீளமாக்கித்தான் மாட்டுவீர்கள். அப்படி நீட்டிய துளையில் போல்ட் நகரும், நகர்ந்தால் தளரும்.

இன்னொரு விஷயம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. இரும்பு வெல்டிங்கை வெளியிலிருந்து பார்த்து ஓரளவுக்குச் சொல்லலாம். பவுடர் கோட்டிங் பூசியபின் அதுவும் மறைந்துவிடும். நான் இரண்டாவதாக மாட்டியது இப்படிப்பட்ட ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. கொக்கி, பம்பரின் முகப்புத் தகட்டில் போல்ட் போட்டிருந்தது. வால்பாறைக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்து ஓடையில் மாட்டிக்கொண்டபோது நண்பரின் வண்டி அந்தக் கொக்கியில் கட்டி இழுத்தது. மூன்றாவது இழுப்பில் முகப்புத் தகடு கூடாரம் போல வெளியே குவிந்தது. இறங்கிப் பார்த்தால் வட்டமாக இருந்த துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. இன்னும் ஒரு இழுப்பில் கொக்கி கயிற்றோடு பறந்திருக்கும். அந்தக் கயிறு நீண்டிருந்த நேர்க்கோட்டில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து கொக்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் எந்த பம்பரையும் நான் தொடுவதில்லை.

வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தகடு எத்தனை மி.மீ, மொத்த எடை எத்தனை கிலோ, கொக்கியின் தகடு பின்னால் பம்பரைத் துளைத்துக்கொண்டு சேஸி பிராக்கெட் வரை போகிறதா, முகப்போடு நின்றுவிடுகிறதா. மூன்றாவதற்குத் தயங்கினால் வேண்டாம். நல்லதாகக் கிடைத்து, உங்கள் சேஸி யாரும் கைவைக்காததாகவும் இருந்தால் இது நேரத்தை மிச்சப்படுத்தும். பட்டறைக்கு நாலு முறை அலைய முடியாதவர்களுக்கு ஏற்றது.

## மூன்றாம் வழி: பட்டறையில் பைப் பம்பர்

நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். எந்தச் சிறு ஊரிலும் பைப் வளைக்கவும் வெல்டிங் அடிக்கவும் ஆள் உண்டு. கடையில் பைப்பை ஏ கிளாஸ், பி கிளாஸ், சி கிளாஸ் என்று சொல்வார்கள். ஏ மெல்லியது, சி கனமானது. இரண்டு இஞ்ச் பி கிளாஸ் பைப் மீட்டருக்கு ஐந்து கிலோ வரும். ஒன்றரை இஞ்ச் என்றால் மூன்றரை கிலோதான். ஜிப்ஸிக்கு மொத்தம் நாலு மீட்டர் பைப் போதும். இரண்டு இஞ்சில் 20 கிலோ, பிராக்கெட் சேர்த்து 25. நடுவில் குறுக்கே ஓடும் ஒரு பைப்பை மட்டும் இரண்டு இஞ்சில் வைத்து, மூலைகளை ஒன்றரையில் முடித்தால் 20 கிலோவுக்குள் அடக்கலாம். சி கிளாஸ் இந்த வண்டிக்குத் தேவையே இல்லை.

பைப்பின் பெரிய நன்மை அதன் உருண்டை வடிவம். பைக்காரரின் காலில் பட்டாலும் வெட்டாது. மூலையில் மேல்நோக்கி வளைத்து ஏற்றினால் பின் கோணமும் நன்றாக வரும். பாறையில் உரசினால் வழுக்கிக்கொண்டு ஏறும். சேறு தங்க இடமில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. பைப்பின் முனையை மூடாமல் விட்டால் தண்ணீர் உள்ளே போய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது பைப் பப்பாளித் தண்டு போல ஆகியிருக்கும். முனைகளைத் தகடு வைத்து முழுக்க மூட வேண்டும். ஒரு பைப் இன்னொன்றோடு சேரும் இடத்தில் முனையை மீன்வாய் போல வெட்டிப் பொருத்த வேண்டும். அவசரத்தில் நேராக வெட்டி, இடைவெளியை வெல்டிங் ராடால் நிரப்பி, மேலே பட்டி போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். பெயிண்ட் அடிக்கும் முன் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பெயிண்ட் அடிக்காமல் பம்பரை உங்களிடம் காட்டச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஜி.ஐ. பைப் துருப்பிடிக்காதே என்று சிலர் அதை வாங்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். துத்தநாகப் பூச்சு மேல் வெல்டிங் அடித்தால் எழும் புகை, அடிப்பவருக்குக் குளிர்காய்ச்சலைக் கொடுக்கும். கறுப்புப் பைப் வாங்கி, செய்து முடித்து, பிறகு பூசுங்கள்.

இன்னொரு குறை: ஹை-லிஃப்ட் ஜாக் (பம்பரைப் பிடித்து வண்டியைத் தூக்கும் உயரமான ஜாக்) உருண்டைப் பைப்பில் நிலைக்காது, வழுக்கும். ஜாக் உபயோகிப்பவர்கள் இரண்டு பக்கமும் அதன் நாக்கு நுழையும் அளவுக்குத் தகட்டில் காடி வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவென்று பார்த்தால் இரும்பு மலிவு. கிலோ 70, 80 ரூபாய் என்று வைத்தாலும் 25 கிலோ இரண்டாயிரத்தில் முடியும். மிச்சமெல்லாம் கூலி, வளைப்பு, பூச்சு. அதனால் இரும்பில் மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள். நல்ல வெல்டருக்குக் கொடுக்கும் கூலிதான் இதில் உருப்படியான செலவு.

## நாலாம் வழி: தகடு வெட்டி வளைத்த பம்பர்

அட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் ஒட்டிப் பார்த்து, அதை அளவெடுத்து லேசர் கட்டிங்கில் வெட்டி, பிரஸ்ஸில் வளைத்துச் செய்வது. கோவையில் பம்பு, மோட்டார் தொழிலுக்காகவே வெட்டும் வளைக்கும் பட்டறைகள் நிறைய இருப்பதால், இங்கே இது மற்ற ஊர்களைவிட எளிது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். அட்டை மாதிரியை நாலு நாள் வண்டியில் கட்டி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். மூலையை இன்னும் ஒரு இஞ்ச் உயர்த்தலாமா, விளக்கை எங்கே பதிக்கலாம், நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் மறையாமல் எங்கே நிற்கும் என்றெல்லாம் கத்தரிக்கோலாலேயே தீர்த்துவிடலாம். பைப்பில் இந்த வசதி கிடையாது.

இதில் ஆபத்து எடைதான். 5 மி.மீ தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ. ஜிப்ஸியின் அகலத்துக்குப் பம்பர் செய்ய முக்கால் சதுர மீட்டர் போகும். அதாவது 29 கிலோ, பிராக்கெட், கொக்கி சேர்த்து 35-ஐத் தாண்டும். இதையே 3 மி.மீ தகட்டில் செய்தால் 18 கிலோ. கனமான தகடே கெட்டி என்பது பட்டறைகளில் ஊறிய நம்பிக்கை. தகட்டை வளைக்கும்போது கிடைக்கும் மடிப்புதான் அதற்கு விறைப்பைத் தருகிறது. 3 மி.மீ தகட்டை மடித்து, உள்ளே இரண்டு இடத்தில் முட்டுக் கொடுத்தால் ஜிப்ஸி எடைக்கு அது போதும். கொக்கியும் சேஸி பிராக்கெட்டும் மட்டும் 8, 10 மி.மீ-ல் இருக்கட்டும்.

பெட்டி போல மூடிய பம்பரில் சேறு சேரும். அடித்தகட்டில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வேண்டும், குழாய்த் தண்ணீர் பீச்சி உள்ளே கழுவ முடிய வேண்டும். நீலகிரி போல வருடத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கும் இடத்தில் இதைக் கவனிக்காவிட்டால் நாலைந்து மழைக்காலத்தில் அடித்தகடு போய்விடும். பவுடர் கோட்டிங் முதல் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கல் பட்டு ஒரு இடம் பெயர்ந்தால் ஈரம் அதன் அடியிலேயே பரவும். எபாக்ஸி பிரைமரும் மேலே சாதாரணக் கறுப்புப் பெயிண்டும் என்றால், பெயர்ந்த இடத்தை நீங்களே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தொட்டுவிடலாம். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தகட்டின் மூலைகளைக் கிரைண்டரால் உருட்டாமல் யாரும் வாங்க வேண்டாம். கையால் தடவிப் பாருங்கள். கையை வெட்டினால் காலையும் வெட்டும்.

## ஸ்டெப்னியை என்ன செய்வது

பம்பர் பேச்சு தொடங்குவதே பலருக்கு ஸ்டெப்னியால்தான். 235/75 ஆர்15 போன்ற டயர் போட்டவுடன் ரிம்மோடு சேர்த்து 25 கிலோவைத் தாண்டும். பின்கதவும் கீலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கதவு தொங்கும், தகடு கிழியும். அதற்குப் பம்பரிலிருந்தே ஒரு கை நீட்டி, ஸ்டெப்னியை அதில் மாட்டி, கதவு போலத் திறக்கும்படி செய்கிறார்கள். கீலுக்குப் பழைய கார் ஒன்றின் ஸ்டப் ஆக்ஸிலும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஹப்பும் பேரிங்கோடு வைத்தால் வருடக்கணக்கில் தொங்காது. போல்ட்டும் புஷ்ஷும் வைத்துச் செய்தவை ஒரே வருடத்தில் ஆட ஆரம்பிக்கும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். கை, கீல், பூட்டு எல்லாம் 15 கிலோ. பம்பர் 25. மொத்தம் 40. மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு நினைவிருக்கும். இதற்குப் பின் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு இலை சேர்க்க வேண்டிவரும். இலை சேர்த்தால் காலியாக ஓட்டும்போது முதுகு உடையும்.

இதற்குப் பதில் ஒரு எளிய வழி உண்டு. கதவின் கீல் இருக்கும் இடத்தில், உட்பக்கமும் வெளிப்பக்கமும் 2 மி.மீ தகட்டை வைத்து, இடையில் கதவை அமுக்கி போல்ட் போடுவது. விரிசலின் முனையில் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, பிறகு தகடு வைக்க வேண்டும். பாரம் பரவலாக இறங்கும். கம்பெனி அளவு டயர் உள்ளவர்களுக்கு இதுவே போதும். பெரிய டயர் போட்டு, மோசமான பாதையில் தினமும் ஓடுபவர்களுக்கு மட்டுமே கை வைத்த பம்பர் என்பேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கம்பெனி பம்பர் + தனிக் கொக்கி | ரெடிமேட் | பைப் | 3 மி.மீ தகடு |
|---|---|---|---|---|
| கூடும் எடை | 5 கிலோவுக்குள் | கேட்டுத்தான் தெரியும் | 20-25 கிலோ | 22-25 கிலோ |
| பின் கோணம் | மாறாது | வடிவத்தைப் பொறுத்தது | நன்றாக வைக்கலாம் | நினைத்தபடி வைக்கலாம் |
| இழுவை | கொக்கி சேஸியில், நம்பலாம் | பிராக்கெட்டைப் பார்க்காமல் நம்ப வேண்டாம் | நல்ல வெல்டர் என்றால் நம்பலாம் | நம்பலாம் |
| பைக்காரருக்கு | பாதகமில்லை | மூலையைப் பார்க்கவும் | உருண்டை, தேவலாம் | மூலையை உருட்ட வேண்டும் |
| துரு | பழக்கப்பட்டதுதான் | பூச்சுக்கு அடியில் தெரியாது | முனை மூடினால் கவலையில்லை | கழுவத் துளை கட்டாயம் |
| சட்டச் சிக்கல் | மிகக் குறைவு | உண்டு | உண்டு | உண்டு |
| அலைச்சல் | ஒரு நாள் | ஒன்றிரண்டு நாள் | ஒரு வாரம் | இரண்டு மூன்று வாரம் |

அலுமினியத்தை இதில் சேர்க்கவில்லை. லேசானதுதான், ஆனால் காட்டுப்பாதையில் உடைந்தால் வழியில் இருக்கும் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்ட முடியாது.

## யாருக்கு எது

வாடகைக்கும் எஸ்டேட்டுக்கும் தினசரி ஓடும் வண்டிக்குக் கம்பெனி பம்பரும் தனிக் கொக்கியும். பாரம் ஏற்றும் வண்டியில் இரும்பைச் சுமப்பது பெட்ரோலுக்கும் கேடு, ஸ்பிரிங்குக்கும் கேடு.

கொல்லிமலை, வால்பாறை என்று மாதம் ஒருமுறை நண்பர்களோடு போய், தார் ரோட்டை விட்டு இறங்குகிறவர்களுக்குப் பைப். பாறையில் இடித்து வளைந்தால் அடுத்த ஊரிலேயே நிமிர்த்தலாம்.

வண்டியை விற்கவே போவதில்லை, நேரமும் இருக்கிறது, பக்கத்தில் வெட்டும் வளைக்கும் பட்டறையும் இருக்கிறது என்றால் தகடு. இன்று எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் எடுப்பேன், மூன்று மி.மீ-ல். வேறு ஊரில் இருந்திருந்தால் பைப்புக்குப் போயிருப்பேன்.

ரெடிமேடை நான் கடைசியில் வைப்பது, என் அனுபவம் கசந்ததால் மட்டும் அல்ல. பழைய வண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வயதாகியிருக்கிறது. அளவெடுத்துத் தைக்க வேண்டிய சட்டை இது.

## பட்டறைக்குப் போகும்போது

பம்பரை வண்டியில் வைத்து டேக் மட்டும் (இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வெல்டிங்) அடித்து, கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஜிப்ஸியின் பெட்ரோல் டேங்க் பின்தளத்துக்கு அடியிலேயே இருக்கிறது. டேக் அடிக்கும்போதுகூட நனைத்த சாக்கும், பக்கத்தில் தீயணைப்பானும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுவதும் கட்டாயம். பேட்டரி விஷயத்தை மறந்தால் எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் எஞ்சின்) வண்டியின் ஈ.சி.எம், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், போய்விடலாம். அதன் விலை மொத்த பம்பரையும்விட அதிகம்.

சேஸியோடு வெல்டிங் செய்யவே வேண்டாம், போல்ட்தான். கழற்ற முடிந்தால்தான் பதிவு புதுப்பிக்கும்போது கம்பெனி பம்பரைத் திரும்ப மாட்ட முடியும். அதனால் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டிச் சேஸியைக் குறுக்கே துளைத்து போல்ட் போடும்போது உள்ளே ஒரு பைப் துண்டை வைத்து அதன் வழியாகப் போட வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் சேஸி இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கும், போல்ட் இறுகியது போலவே இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. பம்பர் பிராக்கெட்டுக்குச் சாதாரண 6013 ராடுக்குப் பதில் 7018 ராடைக் காயவைத்து அடிக்கச் சொல்லலாம். சி.ஓ.டூ வெல்டிங் வைத்திருக்கும் பட்டறை என்றால் இன்னும் சுலபம்.

முழுவதும் மாட்டியபின் முதல் நூறு கிலோமீட்டரில் போல்ட்களை ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும். கொக்கிக்கு முக்கால் இஞ்ச் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும், குறுக்கு ஊசி போட்டு மூடும் இரும்பு வளையம்) வாங்குங்கள். அதில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். பொறிப்பே இல்லாத ஷேக்கிள் வேண்டாம். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருநாளும் கயிறு கட்டி வண்டியை மீட்காதீர்கள். அது முறிந்தால் கயிற்றின் வேகத்தோடு குண்டு போலப் பறக்கும்.

கோத்தகிரி வண்டியை அன்றே ஏற்றி நிறுத்தி, அடியைக் கழுவி, சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். இடதுபக்கச் சேஸி முனையில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. பம்பர் மடங்கிய அதே மூலை. இப்போது அங்கே புதுத் தகடு வைத்து ஒட்டி முடித்தாகிவிட்டது. கதவுக்கு உள்ளும் வெளியும் தகடு போட்டாகிவிட்டது, ஒரு விரலால் தள்ளினாலே பூட்டிக்கொள்கிறது. நிமிர்த்திய கம்பெனி பம்பர் அடுத்த வாரம் பெயிண்டுக்குப் போகிறது. கொக்கிக்கான பிராக்கெட்டை மட்டும் மேஸ்திரி பத்து மி.மீ தகட்டில் வெட்டி வைத்திருக்கிறார்.